பின் சீட்டு பட்டன்

“செத்துப்போயிருக்கணும். ஆனா உயிரோட இருக்கிற மாதிரி மார்லீனுக்குத் தோணணும்” என்றார் ஃபிர்மின். சொல்லும்போதே பட்டறைக் கதவைக் காலால் சாத்தினார்.

மெக்கானிக் லூடோ கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான். “கட்டின பொண்டாட்டிக்குப் பண்ற காரியமாண்ணே இது?”

“பட்டன்தானேப்பா! அமுக்கினா பச்சை லைட் எரியட்டும். கியர் மட்டும் அசையக் கூடாது.” கொண்டுவந்த டார்ட் இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்தார். “முன்னாடி உக்கார்றவன் நான். கியர் என் கையிலதான் இருக்கணும்.”

முன்னும் பின்னுமாக இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் அது. ஞாயிறுதோறும் கிளப்காரர்களோடு கோப்பன்பெர்க் கருங்கல் மேட்டில் ஏற்றுவார்கள். செங்கல் சூளையில் முப்பது வருஷம் வண்டி தள்ளிய கால் ஃபிர்மினுடையது. அதற்குக் கனத்த கியர்தான் பிடிக்கும். பின்னால் மார்லீனின் முட்டி கதறும். முட்டிக்கு முன்னால் வாய் கதறும்.

போன ஞாயிறு பாதி மேட்டில் இறங்கி நின்றுவிட்டாள். “எனக்கும் ஒரு கியர் பட்டன் வேணும். இல்லேன்னா இனிமே நீங்களும் உங்க ஹெல்மெட்டும் மட்டும் போங்க.”

இரட்டைச் சைக்கிளைத் தனியாளாய் மிதித்துக்கொண்டு போனால் கிளப்பே சிரிக்கும். அதனால்தான் பட்டறைக்கு வந்திருந்தார்.

கம்பியே இல்லாத மின் கியர். பட்டனை அமுக்கினால் பின்சக்கரத்துக் குட்டி மோட்டார் ‘ஸ்ஸிக்’கென்று சங்கிலியைத் தள்ளிவிடும். லூடோ போனில் எதையோ தட்டியபடியே கேட்டான்: “நிமிஷத்துக்கு எத்தனை சுத்து மிதிப்பீங்கண்ணே?”

“அது எதுக்குடா?”

“சும்மா. செட்டிங்.”

ஞாயிற்றுக்கிழமை. மேடு தொடங்கியதும் பின்னால் டிக் டிக்கென்று மார்லீன் அமுக்குவது கேட்டது. ஃபிர்மினுக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தன் பட்டனை அமுக்கினார்.

வெண்ணெய் மாதிரி மாறியது கியர். சில தடவை அமுக்கிய பிறகு கொஞ்சம் யோசித்து மாறியது. சில தடவை அமுக்கலாமா என்று நினைக்கும்போதே மாறிவிட்டது. நல்ல சரக்கு, மனசைக் கூடப் படிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கல்யாணமான நாளாய் முதல் தடவை, சண்டை இல்லாமல் உச்சிக்கு வந்தார்கள். அங்கிருந்த கடையில் பீரில் ஒரு வாய் குடித்துவிட்டு மார்லீன் சொன்னாள்: “என் கைக்குக் கியர் வந்ததும் எப்படி ஏறுச்சு பாத்தீங்களா?”

“ஆமாமா. நீ கெட்டிக்காரி” என்றார் ஃபிர்மின், பெரிய மனசோடு.

மறுநாள் லூடோவுக்கு நன்றி சொல்ல இன்னொரு டார்ட் பெட்டி வாங்கிப்போனார். பட்டறைக்குள் மார்லீனின் குரல் கேட்டது. மேசையில் அதே கடைப் பெட்டி ஒன்று ஏற்கெனவே திறந்து கிடந்தது.

“நீ நல்லா இருக்கணும் தம்பி. சொன்ன மாதிரியே அவரு பட்டனைச் சாகடிச்சிட்டே. மனுஷன் மேடு பூரா வெறும் பட்டனை அமுக்கிட்டே வந்தாரு. சிரிப்பை அடக்கித்தான் எனக்கு மூச்சு வாங்குச்சு.”

கதவு சுவரில் போய் மோதியது. “அடிப்பாவி! செத்தது உன் பட்டன்டி! சாகடிக்கச் சொன்னதே நான்தான்!”

“என்னுதா? நான் அமுக்க அமுக்கத்தானே மாறுச்சு?”

“நான் அமுக்கி மாறுச்சு!”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லூடோ பக்கம் திரும்பினார்கள். “டேய், உண்மையைச் சொல்லு. மேட்டுல கியர் மாத்தினது யாரு?” என்றார் ஃபிர்மின்.

லூடோ வாயிலிருந்த டார்ட்டை நிதானமாய் விழுங்கினான். ஃபிர்மின் கையிலிருந்த பெட்டியையும் வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

“ரெண்டுமே செத்த பட்டன்தாண்ணே. நீங்க மிதிக்கிற சுத்தைப் பாத்து வண்டி தானா மாத்திக்குச்சு.”