நான்காவது குரல்

தங்கைக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள். ஒரு மாதத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இசையமைப்பாளரான அண்ணன், முன்பே பதிவுசெய்து வைத்திருந்த அவளுடைய நான்கு நொடி ஹம்மிங்கை சிந்தசைசரில் சுழலவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு சேர்த்தான்.

நான்காவதாக ஒரு குரல் வந்தது. "அண்ணா, தொண்டை வலிக்குது."

திரும்பிப் பார்த்தான். தங்கை உதட்டை இறுக மூடியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று அடுக்குகளையும் வெட்டியெடுத்தான். அந்தக் குரல் மட்டும் நிற்கவில்லை.

"தாங்க முடியலண்ணா..."

அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தான்.

தங்கை பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். நோட்டில் அவசரமாக எழுதிக் காட்டினாள்.

"அழிச்சிடாதண்ணா. எனக்கு இப்பதான் வலி நின்னிருக்கு."