ஐஸ் ஃபேக்டரிக்காரர்

“ஐஸ் ஃபேக்டரிக்காரரை நட்டாத்துல விடச் சொல்றீங்களா, அத்தான்?”

தம்பி ஒற்றைக்காலில் நின்றான். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எரிச்சல் வந்தால் அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும்.

அத்தானின் கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியிருந்தது. அதில் ஒருமுறை ப்ரோக்ராம் எழுதினால் போதும், போன், பிரௌசர் என்று எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் ஒவ்வொரு வகை மெஷினுக்கும் புரியும்படி அது மாறுகிறதா, அதாவது கம்பைல் ஆகிறதா என்று ஒருவர் மாரடித்தாக வேண்டும். தொழிற்சாலைகளில் இருந்த ஒரு பழைய வகை மெஷின் தம்பியின் பொறுப்பு. அதில் இந்த மொழியை ஓட்டுபவர் உலகத்திலேயே ஒருவர்தான் மிச்சம், அந்த ஐஸ் ஃபேக்டரிக்காரர்.

“போன் வேணும், பிரௌசர் வேணும், சரி. ஒரே ஒருத்தருக்காக இதையும் கட்டிக்கிட்டு அழணுமா? அடுத்த வெர்ஷன்ல கை கழுவிடலாம்.”

“வாராவாரம் ஒரு குறை எழுதி அனுப்புறார் அத்தான். நம்பி இருக்கறவர்தானே எழுதுவார்?”

கை கழுவினால் தம்பிக்கு அங்கே வேறு வேலை இல்லை. அறையில் இருந்த மூவருக்கும் அது தெரியும். மச்சினனிடம் அதை எந்த அத்தான்தான் வாய்விட்டுச் சொல்வார்?

மூன்றாவது ஆள் அக்கா. எல்லா மெஷினிலும் ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். வீட்டிலும் அதே உத்தியோகம்தான் என்பது அத்தானின் வாக்குமூலம்.

“இந்தத் தடவை இருந்துட்டுப் போகட்டுங்க” என்றாள்.

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழைய மெஷின் பிழைத்தது.

வெளியே வந்ததும் அக்கா இரண்டு கப் காபி பிடித்தாள். “இப்ப நிம்மதியாடா?”

தம்பி கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “அத்தான்கிட்ட சொல்லிடாதேக்கா. வேற கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. கேம்ஸ் பண்ற வேலை. எனக்கு அதுல எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியும்.”

“அப்புறம் ஏன்டா இங்க மல்லுக்கு நிக்கிறே?”

“அந்த ஐஸ் ஃபேக்டரி மனுஷனை விட்டுட்டு எப்படிப் போறது? இந்த மெஷினைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஆனா நான் போனா அவருக்கு யார் இருக்கா? வரலைன்னு நாளைக்கு அந்தக் கம்பெனிக்குச் சொல்லிடப்போறேன்.”

அக்கா காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனாள்.

மதியம் தம்பி ஓடிவந்தான். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. “அக்கா, ஐஸ் ஃபேக்டரிக்காரர் எழுதியிருக்கார். பழைய மெஷினை எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கிட்டாங்களாம். இத்தனை நாள் பார்த்துக்கிட்டதுக்கு நன்றியாம்.”

“அப்ப போய் அத்தான்கிட்ட சொல்லு. அவருக்கும் வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும்.”

அவன் அந்தப் பக்கம் போனதும், தம்பிக்கு வேலை போய்விடக் கூடாதே என்று ஐஸ் ஃபேக்டரிக்காரர் பெயரில் தானே தொடங்கி, வாராவாரம் தானே குறை எழுதிவந்த மெயில் கணக்கை அக்கா மூடினாள்.