கையுறைக்குள் மல்லித்தண்ணி

ஏரியின் கரையோரத்தில் பனிக்கட்டி இன்னும் விலகவில்லை. ஏப்ரல் வெயில் அதன்மேல் சூடில்லாமல் கிடக்கிறது. நகரின் ஓரத்துப் புருசெத்திலிருந்து மனைவியோடு காரில் வந்த குகநேசன், நீருக்கடியில் மூழ்கிச் சுழியோடும் உடுப்போடு முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கிறான். அவனோடு மூழ்க வந்த நோர்வேக்காரர் இருவரும் தங்கள் கையுறைகளுக்குள் ஃபிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றுகிறார்கள். நீருக்கடியில் விரல்கள் விறைக்காமல் இருக்க அதுதான் வழி. அவனும் தன் ஃபிளாஸ்கைச் சாய்க்கிறான். மண்ணிறமாகத் தண்ணீர் விழுகிறது, கூடவே ஓர் இஞ்சித் துண்டும். கொத்தமல்லி மணக்கிறது.

"இதென்ன, சூப்பா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்கிறான் இருவரில் பயிற்சி தருபவனான டெரியே.

"மனைவி தந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்காது," என்று குகநேசனும் அதே மொழியில் சொல்கிறான். மூவரும் சிரிக்கிறார்கள்.

கரையில் அவனுடைய துவாயை நெஞ்சோடு பிடித்தபடி நிற்கும் தவமலர் சிரிக்கவில்லை. போன மாதம்தான் அவள் நோர்வேஜிய மொழி வகுப்பில் சேர்ந்தாள். "எனக்கு விளங்காது" என்பதுதான் அங்கே படித்த முதல் வசனம்.

"சுடுதண்ணி எண்டுதானே கேட்டனீங்கள்," என்கிறாள் தமிழில். "குளிருக்குக் குடிக்கவாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"ஓம்," என்கிறான். கையுறையை இழுத்து மணிக்கட்டில் இறுக்குகிறான்.

டெரியே கை காட்ட, மூவரும் இறங்குகிறார்கள். கீழே பச்சை இருட்டு. முகத்தில் குளிர் ஊசியாய் ஏறுகிறது. இஞ்சித் துண்டு உள்ளங்கையில் ஒட்டிக் கிடக்கிறது. விரல்கள் மட்டும் சூடாக இருக்கின்றன. அவளைச் சொல்லிச் சிரித்த பிறகு அந்தச் சூடு தாங்கவில்லை; ஆறட்டும் என்று அவன் காத்திருக்கிறான்.