ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு

"டிவில உன்னத்தான் காட்டுறாங்க. எல்லாரும் போயாச்சு, நீ மட்டும் எதுக்கு மழையில உக்காந்திருக்க?"

"எல்லாரும் போகல. கீழ ஒரு தாத்தா இருக்கார்."

"அவருக்கு வேற போக்கிடம் இல்லாம இருக்கும்."

"எனக்கு இருக்கு. போகல."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன. ஏப்ரல் பிறந்தும் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றில் பனி மிச்சமிருந்தது.

மைதான விளக்குகளின் வெளிச்சத்தில் மட்டும் தூறல் தெரிந்தது.

சீசன் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. நாரைகள் ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்திருக்கிறார்கள்.

அணிக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர். தொப்பியில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவையைப் பார்த்த முதல் நாளே அவள் நாரைகள் என்று கூப்பிட ஆரம்பித்தாள். எழில் சிரித்தான். பிறகு அவனும் அப்படியே கூப்பிட்டான்.

"சரி, விஷயத்துக்கு வரேன்," என்றான் எழில். "அந்த சீட்ட விட்டுக் குடுத்துடு. உனக்கு பேஸ்பாலே என்னாலதான தெரியும்?"

பக்கத்துப் பக்கத்து இருக்கைகள். சீசன் முழுமைக்கும் இருவரும் சேர்ந்து வாங்கியவை.

பிரிந்தபோது எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசினார்கள். சோபா, காபி மெஷின், ஜன்னலோரத்துக் கறிவேப்பிலைச் செடி. நாரைகளைப் பற்றி மட்டும் இருவருமே வாய் திறக்கவில்லை.

இந்த சீசனில் அவன் ஒரு நாளும் வரவில்லை. அவள் வருகிறாள் என்பதால்.

அவன் இருக்கையின் குழிவில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

"சோபாவ நீ எடுத்துக்கிட்ட," என்றாள். "நாரை என்னோடது."

"இந்த வருஷமும் தேறாத டீமு. அதுக்குப் போய் அடம் பிடிக்கிற."

"தேறாத டீமுக்கு உனக்கு எதுக்கு சீட்டு?"

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

"மரத்துல இலையே இன்னும் வரல," என்றாள். "அதுக்குள்ள தேறாதுங்கற."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

"போன வருஷமும் இலை வந்துச்சுல்ல?"

அவளுக்கும் பயம்தான். நல்ல பந்துவீச்சாளன் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். புதிதாக வந்திருக்கும் முப்பத்தொன்றாம் எண்காரன் இதுவரை ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடிக்கவில்லை. காலையில் அலுவலக ரயிலில் நிற்கும்போது அவனுக்காகக் கவலைப்படுகிறாள். தோசைக்கல் காயும் நேரத்திலும்.

அதை எழிலிடம் சொல்லப்போவதில்லை.

இந்த இருக்கையில் அவள் எத்தனையோ ஆட்டங்கள் பார்த்திருக்கிறாள். ஒன்றின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை.

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்ததும் அவன் கார் சாவியை எடுப்பான். ட்ராஃபிக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

முடிவுகளையெல்லாம் கார் ரேடியோதான் சொன்னது. ஒருமுறை வண்டி பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் மைதானமே எழுந்து கத்தும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடியில் விளக்குகள் மட்டும் தெரிந்தன.

தனியாக வர ஆரம்பித்த பிறகும் பழக்கத்தில் ஏழாவதோடு எழுந்துவிடுவாள். இன்று இது ஒன்பதாவது இன்னிங்ஸ். கடைசி.

"இப்ப யாரு அடிக்க வரான் பாரு. உன் முப்பத்தொன்னு. முடிஞ்சுது கத. கிளம்பு."

"ரெண்டு பந்து விட்டுட்டான்," என்றாள்.

"யாரு?"

"முப்பத்தொன்னு."

"இங்க இப்பதான் நடந்து வரான்."

அவன் டிவிக்கு எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அவள் காத்திருந்தாள்.

"ஆமா. ஒண்ணு விட்டுட்டான்," என்றான்.

கொஞ்சம் கழித்து, குரல் இறங்கி, "ரெண்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

நாரைகள் இரண்டு ஓட்டம் பின்தங்கியிருந்தார்கள். தளங்களில் அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓடக் காத்து நின்றார்கள். பந்து வேலியைத் தாண்டினால் மூன்று பேரும் ஓடி வந்துவிடலாம். ஜெயித்துவிடலாம். மூன்றாவதையும் விட்டால் ஆட்டம் முடிந்தது.

முப்பத்தொன்று கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். மட்டையை உயர்த்தினான்.

"அந்த சீட்டு..." என்று எழில் மறுபடி ஆரம்பித்தான்.

"இரு."

வீசுபவன் காலைத் தூக்கினான்.

மட்டையில் பட்ட சத்தம் ஈரத்தில் கனத்து வந்தது.

பந்து விளக்குகளுக்கும் மேலே போனது. அங்கே கொஞ்ச நேரம் காணாமல் போனது. வேலியோரம் நின்ற எதிரணி ஆட்டக்காரன் முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடினான். ஓடிக்கொண்டே அண்ணாந்தான். கீழே அந்தத் தாத்தா எழுந்து நின்றுவிட்டார்.

அவள் போனை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். தண்ணீர் இல்லாத ஓரமாக.

எழுந்து நின்றாள்.

பந்து இறங்கியது. எங்கே இறங்கியது என்று அவள் பார்த்தாள். ரேடியோ இல்லாமல், கண்ணாடி இல்லாமல், தன் இரண்டு கண்ணால்.

மிச்சமிருந்த கொஞ்சம் பேர் கத்தினார்கள்.

தாத்தா தொப்பியைக் கழற்றி மழைக்குத் தலையைக் கொடுத்தார்.

அவள் மைதானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சத்தம் அது?"

அவன் இருக்கையிலிருந்து அவன் குரல் வந்தது.

"இங்க அவன் இன்னும் கையத் தொடச்சிட்டு நிக்கிறான். ஹலோ?"

தூறல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"தேனு?"

அந்தப் பெயரை அவன் சொல்லி மாதங்கள் ஆகின்றன.

"தேனு, என்னாச்சு? சொல்லேன்."