தணிகைவேலுக்கு மட்டும் ஒரு வரி

தணிகைவேல் வீட்டு அலமாரியில் ஒரு சர்வர் கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு பூட்டும், வாசலைக் காவல் காக்கும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலும் இருந்தன. தணிகைவேல் எழுதித் தந்த விதிப் பட்டியல்தான் ஸ்கிரிப்டுக்கு எல்லாம்.

ஒருநாள் தணிகைவேல் வெளியூரிலிருந்து இணையம் வழியாக உள்ளே வரப் பார்த்தார். மூன்று முறை பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டார். ஸ்கிரிப்ட் வாசலை அடைத்துவிட்டது.

"பட்டியல் எழுதினவரையேவா அடைச்சே?" என்று கேட்டது பூட்டு.

"மூணு தப்புன்னா யாரா இருந்தாலும் அடைன்னு அவர்தானே எழுதியிருக்கார்."

தணிகைவேல் ஊர் திரும்பியதும் வாசல் பக்கம் போகாமல் சர்வரிலேயே கீபோர்டைச் செருகி உள்ளே வந்தார். பட்டியலில் ஒரு வரி சேர்த்தார்: 'தணிகைவேல் என்ற பெயரில் வருபவர் எத்தனை தப்பு செய்தாலும் அடைக்காதே.'

அந்த வாரமே அந்தப் பெயரில் ஒருவர் வந்தார். நூறு தப்பு, இருநூறு தப்பு என்று போட்டுக்கொண்டே இருந்தார்.

பூட்டுக்கு ஆச்சரியம். "நம்ம ஆளுக்கு இவ்வளவு வேகமா டைப் பண்ண வருமா?"

"அதைப் பத்திப் பட்டியல்ல ஒண்ணும் இல்லை," என்றது ஸ்கிரிப்ட்.

நானூற்றுப் பதினோராவது பாஸ்வேர்டு சரியாக இருந்தது. பூட்டு திறந்துகொண்டது.

"வாங்க தணிகைவேல் சார்," என்றது ஸ்கிரிப்ட்.