பழைய காருக்கு 97 எதற்கு?

சங்கத் தலைவர் சேதுவுக்கு வயிறு எரிந்தது.

ராசா பெட்ரோல் நிலையத்தில், பக்கத்துப் பம்பில் உடையப்பனின் கார் நின்றது. இருபது வயசுக் கார். கதவு ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். அதற்குள் போய்க்கொண்டிருந்ததோ விலை உயர்ந்த 97 ரகப் பெட்ரோல்!

சேதுவின் பெரிய காருக்கு 97தான் போடவேண்டும் என்று பெட்ரோல் மூடியிலேயே எழுதியிருக்கிறது. அவர் போடுவாரா? ஐசி என்ற அடையாள அட்டையைச் செருகி, குடிமக்களுக்கான சலுகை விலையில் மலிவான 95 அடித்துக்கொள்வார்.

'இவனா ஏழை?'

நேற்றுத்தான் உடையப்பன் சங்கத்துக்கு வந்து நின்றார். மகள் புனிதவதிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஏழை மாணவர் உதவிநிதிக்கான விண்ணப்பப் பாரத்தில் தலைவர் கையெழுத்து வேண்டும். நாளையோடு கெடு முடிகிறது.

"உடையப்பன்! இங்க வாங்க. என்னாய்யா அடிக்கிறீங்க?"

"பெட்ரோல் தலைவரே."

"அது தெரியுதுலா. 95-ஆ, 97-ஆ?"

உடையப்பன் தலை குனிந்தார். "97."

"இந்தத் தகர டப்பாவுக்கு 97! இதுல ஏழைங்க உதவிநிதி வேற! கையெழுத்துப் போட்டா ஊரு என்னைக் கேக்காதா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சேதுவுக்கு அது பிடித்திருந்தது. நியாயம் பேசினால் நாலு பேர் காதில் விழவேண்டாமா?

"படம் காட்டுறதுக்கும் ஒரு அளவு இருக்கு. நானே 95தான் அடிக்கிறேன்!"

"படமில்ல தலைவரே... கொஞ்சம் இப்படி வாங்க."

டயருக்குக் காற்றடிக்கும் மூலைக்குப் போனதும் உடையப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"95 கேட்டா ஐசி கேக்குறாங்க. எனக்குச் சிவப்பு ஐசி. நம்ம தோட்டத்து லயத்துலதான் பொறந்தேன். அப்பா பிறப்புப் பத்திரம் எடுக்கல. இன்னும் குடிமகன் இல்ல."

"சலுகை இல்லாம 95 அடிக்கலாமே? அதுவும் 97-ஐ விட மலிவுதானே?"

"ஒருநாள் புனிதவதிய வச்சிக்கிட்டு அப்படித்தான் போய் நின்னேன். 'அங்கிள், நீங்க எந்த நாடு?'ன்னு கவுண்டர்ப் பொண்ணு எல்லார் முன்னாலயும் கேட்டுச்சு. என் பொண்ணு மூஞ்சிய என்னால பாக்க முடியல. 97-னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. கூட ஆகுற செலவுக்கு மத்தியானச் சோத்தக் கொறைச்சுக்கிறேன்."

சேது பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஆனாலும் தலைவர் குரல் தானாக வந்துவிட்டது.

"குடியுரிமைக்கு மனு போடாம ஏன்யா சும்மா இருந்தீங்க?"

"போட்டேனே தலைவரே! நாலு வருசத்துக்கு முன்ன, மண்டபத்துல மாலையெல்லாம் போட்டுக்கிட்டு, எங்க அறுபது பேர் பாரத்தையும் நீங்கதானே வாங்கிட்டுப் போனீங்க. இன்னும் பதிலே வரல."

அந்த விண்ணப்பக் கட்டைத் தன் பழைய காரின் பின்பெட்டியிலேயே மறந்துவிட்டு, சேது அந்தக் காரை விற்று மூன்று வருஷம் ஆகிறது.

"எங்க... பொண்ணோட பாரத்த எடுங்க" என்று அவசரமாகப் பேனாவை உருவினார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"நானே அனுப்பிடுறேன் உடையப்பன். நீங்க கவலைப்படாதீங்க."

உடையப்பன் இரண்டு கையாலும் பாரத்தைப் பணிவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வேணாம் தலைவரே. இத நானே கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன்."