ஜேபஸ் தாத்தாவின் குழி

குழிக்குள் சுருண்டு கிடந்தவரைப் பார்த்ததும் லைமன் தேயர் மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கைதட்டினார்.

"கெடச்சுட்டாரு! இந்தா கெடக்காருய்யா எங்க ஜேபஸ் தாத்தா!"

ஜேபஸ் தேயர் பல தலைமுறைக்கு முன்பு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர், மாசசூசெட்ஸில் இந்தப் புல்வெளியை முதலில் உழுதவர், மேப்பிள் மரத்தடியில் புதைக்கப்பட்டவர் என்பதெல்லாம் வீட்டில் சொல்லிவந்த கதை. லைமன் எழுபது வயதுவரை அவரைத் தேடவில்லை. புது ரோடு வீட்டை இடித்துக்கொண்டுதான் போகும் என்று ஊர் நிர்வாகம் சொன்ன மறுவாரம் தேடத் தொடங்கினார். தாத்தாவைத் தேடுகிற எவனும் தாத்தாவுக்காகத் தேடுவதில்லை.

பழைய சவக்குழி இருந்தால் ரோடு சுற்றித்தான் போகவேண்டும். அதைச் சரிபார்க்கத்தான் ரோடு அதிகாரி ஓரூர்க் மரத்தடியில் நின்றிருந்தார். அவர் குனிந்து எலும்புகளைப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, முழங்காலு நெஞ்சுல முட்டுது? பெட்டியும் காணோம்?"

"எங்க வம்சமே சிக்கனம்யா. நீட்டிப் படுத்தா நீளமா வெட்டணும். பெட்டின்னா பலகை செலவு."

ஓரூர்க் தலையாட்டினார். தேயர் குடும்பத்துச் சிக்கனம் ஊருக்கே தெரியும்.

பழைய எலும்பு கிடைத்தால், அது யாருடையது என்று பார்த்துச் சொல்கிற பக்கத்து ஊர் லொரெட்டாவைக் கூப்பிட வேண்டும் என்பது அரசாங்க விதி. போன் போட்டார்கள். பழைய லாரியில் வந்து இறங்கியவள், நேராகப் போய்க் குழியோரம் மண்டியிட்டாள். பையிலிருந்து ஒரு சிட்டிகை புகையிலையை எடுத்து உள்ளே தூவினாள்.

"ஏம்மா, எங்க தாத்தா புகையிலையத் தொடவே மாட்டாரு. தெய்வ பக்தி உள்ள ஆளு."

லொரெட்டா குனிந்து எலும்புகள் கிடந்த விதத்தைப் பார்த்தாள்.

"ரொம்பப் பழசா?" என்றார் ஓரூர்க்.

"ரொம்ப."

"சவக்குழிதானே?"

"சவக்குழியேதான். ரோடு இங்க வரக்கூடாது."

ஓரூர்க் பெருமூச்சு விட்டு, அளவுக்கு அடித்திருந்த முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். லைமனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"நல்லாக் கேட்டுக்கய்யா! எவனோட பாட்டன் மண்ணுக்குள்ள மொதல்ல படுத்திருக்கானோ, அவனுக்குத்தான் அந்த மண்ணு. கவர்மெண்டு என்ன, எவன் வந்தாலும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான். நான் சொல்றது நாயமா இல்லையா, நீயே சொல்லும்மா!"

"நாயந்தான்" என்றாள் லொரெட்டா. முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கப்பல்ல வந்தவங்க செத்தா மல்லாக்க நீட்டிப் படுக்க வெப்பாங்க, காலு கெழக்கப் பாத்து. மடக்கி, ஒருக்களிச்சு, தென்மேற்க தலை வெச்சுப் படுக்க வெக்கிறது நிப்மக் சனங்க. கப்பல் வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க. எங்க ஆளுங்க. புகையிலை போட்டுக் கும்பிட்டது அவங்களைத்தான்."

லைமன் குழியைப் பார்த்தார். ஓரூர்க் லைமனைப் பார்த்தார்.

லொரெட்டா வீட்டைப் பார்த்தாள்.

"கூரை நல்லாத்தான் இருக்கு. எப்பப் பெரியவரே காலி பண்றீங்க?"